செய்தியில் வரும் எண்ணைக் கேள்வி கேட்பது எப்படி: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பச்சை இலை விலை ஏறப்போகிறது என்று பேப்பரில் படித்துவிட்டு உரத்துக்குக் கடன் வாங்குகிறவர்கள் கோத்தகிரிப் பக்கம் உண்டு. மலைப்பூண்டு ரத்தக் கொதிப்பைக் குணமாக்கும் என்று போனில் வந்ததை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் கொடைக்கானல் பக்கம் உண்டு. ஒன்று பொருளாதாரம், இன்னொன்று மருத்துவம். ஆனால் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: யாரோ ஒரு எண்ணையோ ஆய்வையோ சொல்கிறார்கள், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே நம் பணத்தையும் உடம்பையும் அதன்மேல் வைத்துவிடுகிறோம்.

பத்திரிகைகள் எல்லாம் பொய் சொல்கின்றன என்பது என் வாதம் இல்லை. பெரும்பாலான நேரம் எண் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைக்கும் கேள்விக்கு அது பதிலாக இருக்காது. அதைப் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், ஒரு பத்து நிமிடப் பொறுமை போதும்.

முதல் படி: தலைப்பை மூடிவிட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள்

நமக்குப் பழகிய குன்னூர் தேயிலை ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். வாராவாரம் ஏலச் செய்தி வரும். எத்தனை லட்சம் கிலோ விற்பனைக்கு வந்தது, அதில் எத்தனை சதவீதம் விற்றது, சராசரி விலை என்ன, மொத்த வருமானம் எத்தனை கோடி என்று எல்லாமே உள்ளே இருக்கும். தலைப்பில் மட்டும் பெரும்பாலும் கோடிக்கணக்குதான் வரும், ஏனென்றால் பார்க்கப் பெரியது அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். போன வாரம் 15 லட்சம் கிலோ, சராசரி 100 ரூபாய்க்கு விற்றது என்றால் மொத்தம் 15 கோடி. இந்த வாரம் 18 லட்சம் கிலோ, சராசரி 95 ரூபாய்க்கு விற்றது என்றால் 17 கோடியே 10 லட்சம். "ஏலத்தில் 2 கோடியே 10 லட்சம் வருமானம் உயர்வு" என்று தலைப்புப் போட்டால் அதில் பொய்யே இல்லை. ஆனால் கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கியிருக்கிறது. ஒரு கிலோ தூளுக்குச் சுமாராக நாலரை கிலோ பச்சை இலை தேவை, தேயிலை வாரியத்தின் 65:35 பங்கீட்டுக் கணக்கில் 65 பங்குதான் இலை கொடுத்தவருக்கு, மீதி தொழிற்சாலைக்கு. 5 ரூபாயில் 65 சதவீதம் 3 ரூபாய் 25 காசு, அதை நாலரையால் வகுத்தால் கிலோ இலைக்கு 72 காசு. இந்தச் சரிவு மாதம் முழுக்க நீடித்தால், இலை விலையைக் கணக்கிட எடுக்கும் மாதச் சராசரியில் அது இறங்கும், அப்புறம் தொழிற்சாலை தரும் உங்கள் பில்லில் வரும். வருமானம் உயர்ந்ததாகச் சொன்ன அதே செய்தியில் உங்கள் நஷ்டம் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஏலச் செய்தியில் நான் முதலில் தேடுவது சராசரி விலை, இரண்டாவது விற்காமல் தேங்கிய அளவு. கோடிக்கணக்கைக் கடைசியில்தான் பார்ப்பேன். சிறு விவசாயிகள் விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் உண்ணாவிரதம் இருந்தபோதும் அவர்கள் கேட்டது கிலோ இலைக்கு என்ன விலை என்பதைத்தான்.

கேரட்டும் இப்படித்தான். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை உச்சம், விவசாயிகள் மகிழ்ச்சி என்று வரும். மழையில் பாதி தோட்டம் அழுகியதால்தான் விலையே ஏறியிருக்கும், மகிழ்ச்சி அடைந்தது பயிர் தப்பித்தவர்கள் மட்டும். விலை என்று படித்தால் அளவைக் கேளுங்கள், அளவு என்று படித்தால் விலையைக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கையில் வரும் காசு.

இரண்டாவது படி: எதோடு ஒப்பிடுகிறார்கள்?

உயர்வு, சரிவு, சாதனை என்ற சொல் வந்தாலே எந்த மாதத்தோடு, எந்த வருடத்தோடு என்று தேடுங்கள். 2021 ஆகஸ்டு கடைசியில் வந்த செய்தி இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 20.1 சதவீதம் வளர்ந்தது என்றார்கள். எண் சரி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தில் பெரும்பகுதி கொரோனா ஊரடங்கு, அப்போது பொருளாதாரம் 24.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2019-ல் 100 ரூபாய் என்று வைத்தால் 2020-ல் 75 ரூபாய் 60 காசு, அதில் 20.1 சதவீதம் கூடினால் 2021-ல் கிட்டத்தட்ட 90 ரூபாய் 80 காசு. இரண்டு வருடத்துக்கு முன் இருந்த இடத்துக்கே இன்னும் 9 ரூபாய் பாக்கி. 24 விழுந்து 20 எழுந்தால் 4 தான் குறை என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் கவனியுங்கள், இறங்கும்போது பெரிய தொகையின் சதவீதம், ஏறும்போது சின்னத் தொகையின் சதவீதம்.

பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியும் நிறையப் பேரைக் கோபப்படுத்துகிறது. கடையில் எதுவும் குறையவில்லையே என்கிறார்கள், அவர்கள் சொல்வது நியாயம்தான். 6 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2 சதவீதம் ஆனது என்றால் 100 ரூபாய்ப் பொருள் முதல் வருடம் 106 ஆகி, அடுத்த வருடம் 108 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. ஏறும் வேகம் குறைந்ததே தவிர விலை இறங்கவில்லை. அதோடு அது நாடு முழுக்க சராசரியாக ஒரு வீடு வாங்கும் பொருட்களின் கணக்கு. கூடலூரில் அரிசி, கேஸ், பஸ் டிக்கெட் மூன்றுக்கே சம்பளம் போய்விடும் வீட்டின் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

சுற்றுலாச் செய்திகளுக்கும் இதே கேள்வி. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களை ஜூலை மழையோடு ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்கள் முன்கூட்டியே பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸ் வந்த பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. சொல்லப்படும் எண் பாஸ் வாங்கியவர்களா, உண்மையில் மலை ஏறி வந்தவர்களா, தோட்டத்து டிக்கெட்டா? காலையில் தாவரவியல் பூங்கா, மதியம் ரோஜா பூங்கா என்று சுற்றும் ஒரே குடும்பம் டிக்கெட் கணக்கில் இரண்டு தடவை வந்துவிடும். இ-பாஸால் வியாபாரம் இத்தனை சதவீதம் போச்சு என்று லாட்ஜ்காரர்கள் சொன்னாலும் சரி, எந்தப் பாதிப்பும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னாலும் சரி, எதை எண்ணினீர்கள் என்ற கேள்வி இருவருக்கும் பொது.

மூன்றாவது படி: எத்தனை பேரில்?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. நம் மாவட்டத்தில் இது ஒரு வலியான விஷயத்தைத் தொடுகிறது. நீலகிரியில் கேன்சர் கூடிவிட்டது, காய்கறிக்கும் தேயிலைக்கும் அடிக்கும் மருந்துதான் காரணம் என்ற பேச்சு இல்லாத ஊர் இங்கே இல்லை. தோட்டத்தில் மருந்து அடிப்பதைக் குறைக்க வேண்டும், அடிக்கிறவருக்கு முகக்கவசமும் கையுறையும் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பேச்சைச் செய்தியாக்கும்போது இத்தனை நோயாளிகள் என்று ஒரு மொத்த எண்ணைப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

2001 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. தமிழ்நாடே வளர்ந்த பத்து வருடத்தில் இங்கே ஆள் குறைந்திருக்கிறார்கள். தேயிலை விலை படுத்ததும் இளவட்டங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். ஊரில் தங்கினவர்களில் வயதானவர்களின் பங்கு கூடும், கேன்சர் பெரும்பாலும் வயதோடு வரும் நோய், அதனால் புதிதாக எந்தக் காரணமும் சேராமலேயே ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற கணக்கு ஏறித் தெரியலாம். மருந்து காரணமே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மருந்தைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் வயதுக் கணக்கைக் கழித்துவிட்டுச் சொல்ல வேண்டும், மருந்து அடிக்கும் தொழிலாளர்களையும் அடிக்காதவர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். லட்சம் பேருக்கு எத்தனை என்று, வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிடத்தான் புற்றுநோய்ப் பதிவேடுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கான பதிவேட்டைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. செய்தியில் அந்தப் பதிவேட்டின் எண் இருக்கிறதா, இல்லை ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கையா என்று பாருங்கள்.

இன்னொன்று, வகுக்கும் எண்ணே பழையதாக இருக்கலாம். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் பல கணக்குகள் இன்னும் 2011-ஐ வைத்தே ஓடுகின்றன.

சின்ன ஊர்களில் சதவீதமே ஏமாற்றும். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், போன வருடம் 2 பேர், இந்த வருடம் 4 பேர் என்றால் 100 சதவீத உயர்வு, அடுத்த வருடம் 1 ஆனால் 75 சதவீதச் சரிவு. பத்துக்குக் கீழே இருக்கும் எண்ணுக்கு யாராவது சதவீதம் போட்டால் அதை மதிக்காதீர்கள், ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லுங்கள்.

நான்காவது படி: இரண்டு மடங்கு ஆபத்து என்றால் எதிலிருந்து எதற்கு?

1995-ல் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை விட்டார்கள். சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று செய்தி பரவியது. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. அந்த இரண்டு மடங்கு உண்மையில் என்ன? 7,000 பேரில் ஒருவருக்கு இருந்தது 7,000 பேரில் இருவருக்கு ஆனது. கூடியது ஒரே ஒருவர். கர்ப்பத்தால் ரத்தக்கட்டு வரும் ஆபத்தே அதைவிடப் பெரியது.

ஆகவே மருத்துவச் செய்தியில் சதவீதமோ மடங்கோ வந்தால் அதை 100 பேராகவோ 1,000 பேராகவோ மாற்றி எழுதுங்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்று ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று 2015-ல் உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. ஆயுள் முழுக்க 100 பேரில் 5 பேருக்கு வரும் ஊர் என்று வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 6 பேர் ஆகும். பயப்படுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, ஆனால் 18 பேருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு முடிவு எடுக்காதீர்கள். மருந்தின் பலனைச் சொல்லும் விளம்பரத்துக்கும் இதே சோதனைதான்: ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்றால், எத்தனையில் பாதி?

ஐந்தாவது படி: சான்று பலமா, ஆபத்து பெரிதா?

டீ குடித்தால் கேன்சர் என்று ஒரு செய்தி அவ்வப்போது உயிர்பெற்று வரும். நம் மலை முழுக்கத் தேயிலையை நம்பிப் பிழைக்கும்போது இது சாதாரண விஷயம் இல்லை. இதன் வேர், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் சொன்னது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். குற்றம் சூட்டின்மீது, தேயிலையின்மீது இல்லை. பனிக்காலக் காலையில் அடுப்பிலிருந்து இறக்கியவுடனே வாயில் ஊற்றாமல் சில நிமிடம் ஆறவிட்டுக் குடித்தால் விஷயம் முடிந்தது.

அந்த முகமையின் வகைகள் எல்லாமே ஒரு பொருள் புற்றை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு பலமானது என்று சொல்பவை, எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்று சொல்பவை அல்ல. பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் ஒரே முதல் வகையில் இருக்கின்றன. அதனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று எழுதுகிறவரை அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஆறாவது படி: யாரை வைத்துச் சோதித்தார்கள்?

கொரோனா காலத்தில் நீலகிரித் தைலத்துக்கு வந்த பெருமையை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு எண்ணெய் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தால் அது ஆரம்பம் மட்டும்தான். தட்டில் சோப்பும் கிருமியைக் கொல்லும், அதற்காகச் சோப்பை விழுங்க முடியாது. தைலத்தைக் குழந்தைக்கு உள்ளே கொடுத்தால் வலிப்புகூட வரலாம். தட்டு, எலி, சில மனிதர்கள், நிறைய மனிதர்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது, செய்தி அதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அது அந்தப் பூண்டின் ஊரையும் தரத்தையும் காக்கும் சட்ட உரிமை, நோய் தீர்க்கும் என்று அரசு கொடுத்த சான்றிதழ் அல்ல. குறியீட்டைக் காட்டி மருந்து என்று விற்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மனிதர்களிடம் செய்த ஆய்வு என்றாலும் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். 2015-ல் ஜான் பொகானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரும் அவருடன் இருந்தவர்களும் வேண்டுமென்றே ஒரு மோசமான ஆய்வைச் செய்து, சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று வெளியிட்டார்கள். பல நாட்டுப் பத்திரிகைகள் அப்படியே போட்டன. இருந்தது வெறும் 15 பேர், அவர்களிடம் அளந்தது 18 விஷயங்கள். அத்தனையை அளந்தால் ஏதாவது ஒன்றாவது தற்செயலாக நல்லபடி அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு, அதை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கினார்கள்.

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் தட்டம்மை தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டது 12 குழந்தைகளை வைத்து. லான்செட் இதழ் அதை 2010-ல் திரும்பப் பெற்றது, ஆனால் அந்தப் பயம் இன்றும் சுற்றுகிறது. 1907 முதல் பாஸ்டியர் நிறுவனம் இருக்கும், தடுப்பூசியே தயாரிக்கும் குன்னூரிலும் அந்த வதந்தி போன் போனாகப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. திரும்பப் பெற்ற செய்தி எப்போதும் சின்னதாகத்தான் வரும், அதனால் பழைய ஆய்வு ஒன்றைப் பார்த்தால் அது இன்னும் நிற்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

ஏழாவது படி: கூடியது நோயா, சோதனையா?

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்காதவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பார்த்தால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், கூட வேண்டும். சர்க்கரை நோய் இத்தனை மடங்கு என்று செய்தி வந்தால் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று இரண்டு வருடத்துக்கும் கேளுங்கள்.

சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். அதைப் பற்றிய செய்திகளில் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் இங்கே ஒரு தவறான வரி ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கும். இந்தியாவில் இந்த அணு முதலில் பதிவான இடங்களில் நம் நீலகிரி ஒன்று, 1952-ல், இங்குள்ள பழங்குடியினரிடம். 2047-க்குள் நோயை ஒழிக்க ஒன்றிய அரசின் இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது, பரிசோதனைகள் நடக்கின்றன, எண்கள் வருகின்றன. அந்த எண்களில் தாங்கிகளும் நோயாளிகளும் கலந்துவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர் தாங்கி, அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய். இருவரும் தாங்கிகளாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. முதல் சோதனையில் பாசிட்டிவ் என்பதும் முடிவு இல்லை, உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை தனியாக உண்டு. பழங்குடிகளில் இத்தனை சதவீதம் பேருக்கு நோய் என்று படித்தால், தாங்கி, நோயாளி, முதல் சோதனையில் மட்டும் பாசிட்டிவ் ஆனவர் என்று முதலில் மூன்றையும் பிரித்துக் கேளுங்கள், பிரிக்கவில்லை என்றால் அதைப் பகிராதீர்கள்.

எட்டாவது படி: எண்ணிக்கைக்குள் யார் வருகிறார்கள்?

வேலையின்மை குறைந்தது என்ற செய்திக்கு இது. நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வார அடிப்படையிலான முறையில், முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். சொந்தத் தோட்டத்தில் கூலியில்லாமல் கொழுந்து பறிக்கும் அம்மாவும் வேலையில் இருப்பவர்தான். வேலை தேடுவதையே விட்டுவிட்ட மகன் வேலையில்லாதவர் பட்டியலில் வரவே மாட்டான். அதனால் விகிதத்தோடு சேர்த்துக் கூலி என்ன, எத்தனை பேர் வேலை தேடுகிறார்கள் என்றும் பாருங்கள்.

ஒன்பதாவது படி: நேரில் கேளுங்கள்

இதுவரை சொன்னதை வீட்டில் இருந்தே செய்யலாம். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் தயங்காதீர்கள். குடும்ப குரூப்பில் வந்ததா? "சித்தப்பா, இது எத்தனை பேரை வைத்துச் சொன்னது, எந்த வருஷத்து நியூஸ்?" என்று மரியாதையாக ஒரு வரி போடுங்கள், பொய் என்று மட்டும் எழுதினால் அவர் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புவார். உடம்பு விஷயம் என்றால் செய்தியை எடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "டாக்டர், என்னை மாதிரி நூறு பேரில் எத்தனை பேருக்கு இது பொருந்தும்?" என்று கேளுங்கள், பதில் வரும் வரை எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

எண் அரசு அலுவலகத்திலிருந்து வந்ததாகச் செய்தி சொன்னால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். தேயிலை என்றால் குன்னூரில் இருக்கும் தேயிலை வாரிய அலுவலகத்துக்கும், நோய்க் கணக்கு என்றால் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஏன் இப்படி என்று கேட்டால் நழுவுவார்கள், பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். "கடந்த ஐந்து ஆண்டுகளில், மாதவாரியாக, எங்கள் வட்டத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் நோய் உறுதியானவர்கள் எத்தனை பேர்" என்று ஒரே கேள்வியாக எழுதினால் மேலே சொன்ன பாதி சந்தேகத்துக்குப் பதில் அந்த ஒரு தாளிலேயே வந்துவிடும்.